ஊர் கூடிக் கட்டிய அரங்கம்

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தை அடுத்து, மாநகராட்சியின் தலைமையகமான ரிப்பன் மாளிகைக்குப் பக்கத்தில், செங்கல் சுவரும் உயர்ந்த கோபுரமுமாக நிற்கும் விக்டோரியா பொது அரங்கம், ஆட்சியாளர்கள் தங்கள் அலுவலுக்காக எழுப்பிய கட்டடங்களின் வரிசையில் சேராதது. பொதுக்கூட்டம் நடத்தவும் நாடகம் போடவும் நகரத்துக்கென்று ஓர் இடம் வேண்டும் என ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி, நன்கொடை திரட்டிக் கட்டிய நகர மண்டபம் அது. நீண்ட காலம் பாழடைந்து கிடந்த அந்த அரங்கம், ‘சிங்காரச் சென்னை 2.0’ திட்டத்தின்கீழ் 30 கோடி ரூபாய்க்கும் அதிகமான ஒதுக்கீட்டில் சீரமைக்கப்பட்டிருப்பது, தமிழ் நாடகத்தின் மீது அக்கறை கொண்ட எவருக்கும் மனநிறைவு தரும் செய்தி. சுவர் பூசப்பட்டு, கூரை மாற்றப்பட்டு, விளக்குகள் எரிந்தால் கட்டடம் மீண்டுவிட்டதாகக் கொள்ளலாம்; அரங்கம் மீண்டது என்று சொல்ல வேண்டுமானால், அதன் மேடையில் ஏற வருபவர்களும் அதன் இருக்கைகளைத் தமக்குரியவை என்று உரிமையோடு கருதுபவர்களும் திரும்பி வந்திருக்க வேண்டும். அவர்கள் எப்படி வந்தார்கள், ஏன் விலகினார்கள் என்பதை அரங்கத்தின் வரலாறே தெளிவாகச் சொல்கிறது.

1882ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பச்சையப்பன் மண்டபத்தில் கூடிய சென்னைப் பிரமுகர்கள், நகர மண்டபம் ஒன்றைக் கட்டுவதென முடிவெடுத்து அதற்கென ஒரு குழுவையும் அமைத்தனர். விஜயநகரம் சமஸ்தானத்தின் அரசர் ஆனந்த கஜபதி ராஜு தாராளமாக நன்கொடை அளித்ததோடு, 1883 டிசம்பர் 17 அன்று அடிக்கல்லும் நாட்டினார். சமஸ்தானங்களும் ஜமீன்தார்களும் வணிகர்களும் அவரைத் தொடர்ந்து பணம் கொடுத்தனர். பீப்பிள்ஸ் பார்க் என்று அழைக்கப்பட்ட பொதுப் பூங்காவில் 57 கிரவுண்டு நிலத்தை நகராட்சி 99 ஆண்டுக் குத்தகைக்கு வழங்கியது. கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி கொண்ட சென்னைக்கே உரிய நில அளவு. ஆக, மூன்று ஏக்கருக்குச் சற்று அதிகமான இடம். விக்டோரியா அரசி பட்டத்துக்கு வந்து 50 ஆண்டுகள் நிறைவடைந்ததை ஒட்டி மண்டபத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டாலும், ‘டவுன் ஹால்’ என்ற பழைய எண்ணமே அதன் உயிராக இருந்தது.

வரைபடம் ராபர்ட் சிஷோமுடையது; கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மாளிகையையும் திருவனந்தபுரத்தின் நேப்பியர் அருங்காட்சியகத்தையும் வடிவமைத்த சிஷோம், மேற்கத்திய, இஸ்லாமிய, உள்நாட்டுக் கட்டடக் கூறுகளை ஒன்றிணைக்கும் இந்தோ சாரசனிக் பாணியின் முன்னோடிகளில் ஒருவர். அவருக்குத் திருவிதாங்கூரில் கிடைத்த அனுபவத்தை, விக்டோரியா அரங்கத்தின் சதுரக் கோபுரத்துக்கு மேலுள்ள கூம்பு வடிவக் கூரையில் இன்றும் காணலாம். கீழ்த்தளத்திலும் மேல்தளத்திலும் நீண்ட செவ்வக அரங்குகள், வெயிலைத் தடுத்துக் காற்றை உள்ளே விடும் வளைவுத் தாழ்வாரங்கள், அவற்றைத் தாங்கும் மெல்லிய தூண்கள், மேல்தளத்தின் ஒரு புறத்தில் மரத்தாலான பார்வையாளர் மாடம் என்று அமைந்த இந்தக் கட்டடம், மின்விசிறியும் ஒலிபெருக்கியும் இல்லாத காலத்தில் நூற்றுக்கணக்கானோர் ஒன்றாக அமர்ந்து ஒருவர் குரலைக் கேட்பதற்கென்றே எழுப்பப்பட்டது. 1897 பிப்ரவரியில் மேலை நாடுகளிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் தம் பணித்திட்டத்தை விளக்கிப் பேசிய சொற்பொழிவு இங்கேதான் நிகழ்ந்தது. சென்னை நகரம் திரைப்படத்தை முதன்முதலில் கண்டதும் இங்கேதான். புகைப்படக் கடை வைத்திருந்த ஸ்டீவன்சன் என்பவர் 1890களின் பிற்பகுதியில் சில துண்டுப் படங்களைத் திரையிட்டுக் காட்டினார்.

சபை வந்த பிறகு

இவை எல்லாவற்றையும்விட அரங்கத்துக்கு நிலையான வாழ்வைத் தந்தது ஒரு நாடக சபை. ‘சபை’ என்பது, கலையைத் தொழிலாகக் கொள்ளாதவர்கள் சந்தா செலுத்தி உறுப்பினராகி, தாங்களே நடித்து, தாங்களே நிர்வகிக்கும் அமைப்பு. நாடக ஆய்வாளர்கள் இவ்வகை நாடகத்தைப் ‘பயில்முறை நாடகம்’ என்றும், ஊர் ஊராகச் சென்று கட்டணம் பெற்று நடத்தும் கம்பெனி நாடகத்தைத் ‘தொழில்முறை நாடகம்’ என்றும் பிரித்துச் சொல்வர். பெல்லாரியிலிருந்து வந்த கிருஷ்ணமாச்சார்லுவின் தெலுங்கு நாடகங்களைக் கண்டு உந்தப்பட்ட பம்மல் சம்பந்த முதலியார், தம் நண்பர்களோடு 1891 ஜூலை 1 அன்று சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது அவருக்கு வயது 18. சபையின் முதல் தமிழ் நாடகமான ‘புஷ்பவல்லி’ 1893இல் விக்டோரியா அரங்கத்தில் மேடையேறியது; 1895இல் ‘மனோகரா’ வந்தது. பின்னர் 1902 முதல் 1936 வரை சபையின் இருப்பிடமாகவே அந்த அரங்கம் விளங்கியது.

நாடகக்காரன் என்றால் பெண் கொடுக்கத் தயங்கிய சமூகத்தில், வழக்கறிஞர்களும் அலுவலர்களும் கல்லூரி மாணவர்களும் முகத்தில் அரிதாரம் பூசிக்கொண்டு நகரின் நடுவே மேடையேறியது எளிய மாற்றமாக இருக்கவில்லை. விடிய விடியப் பாட்டால் நடத்தப்பட்ட நாடகத்தைச் சில மணி நேரத்துக்குச் சுருக்கி, அதை உரைநடையில் பேசவைத்ததும், ஒத்திகைக்கு ஒழுங்கைக் கொண்டுவந்ததும் சம்பந்த முதலியாரின் பங்களிப்புகள். ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ அவர் கையில் ‘அமலாதித்தன்’ ஆயிற்று; ‘வெனிஸ் வணிகன்’ ‘வாணீபுர வணிகன்’ ஆயிற்று. பெண்கள் மேடையேறாத அந்தச் சபையில், அவருக்கு இணையாகப் பெண் வேடங்களில் நடித்த ரங்கவடிவேலுவைப் பற்றி அவர் ‘நாடக மேடை நினைவுகள்’ நூலில் எழுதியிருக்கும் பக்கங்கள், தமிழில் நடிப்புக் கலையைப் பற்றி எழுதப்பட்டவற்றில் முதல் வரிசையில் வைக்கத்தக்கவை. பிற்காலத்தில் காங்கிரஸ் தலைவராகப் புகழ்பெற்ற எஸ். சத்தியமூர்த்தியும் இந்தச் சபையின் நடிகரே. அவருடைய மேடைப் பேச்சின் வீச்சுக்கு நாடக மேடையின் பயிற்சியும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும்.

சுகுண விலாச சபை மேட்டுக்குடி ஆண்களின் சபை என்பதையும் மறைக்கத் தேவையில்லை. அதே காலத்தில் சங்கரதாஸ் சுவாமிகளும் அவருக்குப் பின் வந்த பாய்ஸ் கம்பெனிகளும் தமிழகத்தின் சிற்றூர்கள் வரை நாடகத்தைக் கொண்டு சென்றன. ஏழைக் குடும்பத்துச் சிறுவர்களுக்கு அந்தக் கம்பெனிகளே சோறும் கல்வியும் ஆயின. தமிழ் நாடகத்தின் மக்கள் பரப்பு அவர்களால் விளைந்தது. ஆனால் ஒரு கட்டடத்தோடு பிணைந்து, அதைத் தன் வீடாகக் கருதிக் காத்த அமைப்பு என்று பார்த்தால் சபைக்கு இணையாக மற்றொன்றைக் காட்டுவது கடினம். வாடகை தவறாமல் வந்ததும், மாலை தோறும் ஒத்திகைக்கு ஆட்கள் வந்து போனதும், மேடையில் ஒரு பலகை பெயர்ந்தால் கேட்பதற்கு ஆள் இருந்ததும் இந்தப் பிணைப்பின் விளைவுகள்.

ஆள் இல்லாத மண்டபம்

1931இல் தமிழ் பேசும் படம் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் நகரத்தின் மாலைப் பொழுதுகளைத் திரையரங்குகள் எடுத்துக்கொண்டன. 1936இல் சபையும் மவுண்ட் ரோட்டுக்குக் குடிபெயர்ந்தது. அதன் பின்னர் விக்டோரியா அரங்கம் கூட்டங்களுக்கும் அவ்வப்போது நிகழ்ச்சிகளுக்கும் வாடகைக்கு விடப்படும் இடமாகச் சுருங்கியது; வளாகத்தின் பகுதிகள் வேறு பயன்பாடுகளுக்குப் போயின; குத்தகைக் காலம் முடிந்ததும் உரிமை பற்றிய வழக்குகள் நீண்டன. இறுதியில் கட்டடம் மாநகராட்சியின் கைக்கு வந்தது. 2010களில் தொடங்கிய சீரமைப்பும் முழுமை பெறாமல் நின்றுபோனது. பக்கத்திலேயே மெட்ரோ ரயில் நிலையத்துக்காக நிலம் தோண்டப்பட்ட ஆண்டுகள் அவை.

இந்த இடைவெளியில் அரங்கத்தை நகரத்தின் நினைவிலிருந்து நழுவவிடாமல் காத்தவர்கள் பெரும்பாலும் எந்தப் பதவியிலும் இல்லாதவர்கள். மறைந்த எஸ். முத்தையா 1991இல் தொடங்கிய ‘மெட்ராஸ் மியூசிங்ஸ்’ என்னும் இதழ், இடிபடவிருந்த, இடிந்துகொண்டிருந்த பொதுக் கட்டடங்களைப் பற்றி விடாமல் எழுதியது, வரலாற்றாளர் வி. ஸ்ரீராம் போன்றோர் எழுத்தாலும் மரபு நடையாலும் அந்தப் பணியைத் தொடர்ந்தனர். ‘மரபு நடை’ என்பது, ஆர்வலர்கள் குழுவாகப் பழைய தெருக்களில் நடந்து கட்டடங்களின் வரலாற்றைக் கேட்டறியும் வழக்கம். 2004 முதல் ஆகஸ்ட் மாதத்தில் கொண்டாடப்பட்டுவரும் சென்னை தினம் இதை ஆயிரக்கணக்கானோரிடம் கொண்டு சேர்த்தது. 1985இல் மூர் மார்க்கெட் தீக்கிரையான இடம் அரங்கத்துக்கு மிக அருகில்தான் இருக்கிறது. மூர் மார்க்கெட் போனபோது கேட்க ஆளில்லை. விக்டோரியா அரங்கம் எஞ்சியதற்கு, இடைப்பட்ட ஆண்டுகளில் கேட்பதற்கு ஒரு கூட்டம் உருவாகியிருந்தது முக்கியக் காரணம்.

சீரமைப்பு வேலையின் தன்மையையும் சிறிது விளக்க வேண்டும். ஏனெனில் பழைய கட்டடத்தைப் புதுப்பிப்பது சிமென்ட் பூசி வண்ணம் அடிக்கும் வேலை என்ற எண்ணம் நம் ஊர்களில் பல கோயில் மண்டபங்களையும் சத்திரங்களையும் கெடுத்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் சென்னைக் கட்டடங்கள் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுந்தவை. கழிமுகங்களில் வாரிய கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு, நீர்த்து, மணலோடு சேர்த்து அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் பனைவெல்லமும் கலந்து பக்குவப்படுத்திய சுண்ணாம்புச் சாந்து, சுவருக்குள் ஏறும் ஈரத்தை மெல்ல வெளியே விடும் இயல்புடையது. அதன் மேல் சிமென்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, செங்கல்லே பொரிந்து உதிரும். அக்காலத் தளங்களும் அப்படியே: தேக்கு உத்தரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துவாட்டில், குறுக்குச் சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்பால் இறுக்கி, மேலே தட்டோடு பதிக்கும் ‘மெட்ராஸ் டெரஸ்’ முறையில் இரும்புக் கம்பிக்கே இடமில்லை. சாந்தின் பக்குவத்தைக் கையால் தொட்டே சொல்லக்கூடிய கொத்தனார்கள் இன்று மிகக் குறைவு. இத்தகைய சீரமைப்பு ஒவ்வொன்றும் கட்டடத்தோடு அந்தக் கைத்தொழிலையும் சேர்த்தே மீட்கிறது என்பதால், அதற்குச் செலவிடப்படும் பணத்தை வீண் என்று யாரும் சொல்லக் கூடாது.

ஆனாலும் கட்டடம் மீண்டு மேடை மீளாமல் போன முன்னுதாரணம் இந்தியாவிலேயே இருக்கிறது. 1880களில் தொடங்கி வங்க நாடகத்தின் தாயகமாக விளங்கிய கொல்கத்தாவின் ஸ்டார் தியேட்டர், 1991இல் தீயில் அழிந்து, மாநகராட்சியால் மீண்டும் கட்டப்பட்டு 2004இல் திறக்கப்பட்டது. பழைய முகப்பு அப்படியே திரும்பி வந்தும், பெரும்பாலான நாட்களில் அது திரைப்படம் ஓடும் இடமாகவே ஆகிப்போனது. செலவை ஈடுகட்டும் கட்டாயம் நிர்வாகத்துக்கு. அரங்கை நிரப்பும் பலம் நாடகக் குழுக்களுக்கு இல்லை. மும்பையில் 1993இல் மூடப்பட்ட ராயல் ஓபரா ஹவுஸ், உரிமையாளர்களான கோண்டல் அரச குடும்பத்தாரின் முயற்சியால் சீரமைக்கப்பட்டு 2016இல் திறந்தபோது, இசைக்கும் நாடகத்துக்கும் நாட்களை ஒதுக்கும் திட்டத்தோடு திறந்தது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, திறப்பு விழாவுக்கு மறுநாள் மேடையில் யார் நிற்பார்கள் என்ற கேள்விக்கு முன்கூட்டியே விடை தேடியதில் இருக்கிறது.

தலைக்கட்டு வரி என்னும் பாடம்

அந்த விடைக்குச் சென்னையின் தெற்கே, சிறுசேரியிலிருந்து மாமல்லபுரம் வரை நீளும் செங்கல்பட்டுக் கரையையும் அதன் உட்புற ஊர்களையும் பார்ப்பது பயன் தரும். சிப்காட் தொழில்நுட்பப் பூங்கா வந்த பிறகு சிறுசேரியின் பெயர் மென்பொருளோடு சேர்ந்துவிட்டது. பழைய மாமல்லபுரம் சாலை நெடுக அடுக்குமாடிகள் எழுந்து பல்லாயிரம் குடும்பங்கள் குடியேறின. ஆனால் அந்தக் குடும்பங்கள் நடந்து போய் ஒரு நாடகம் பார்க்கத்தக்க பொது அரங்கம் அந்தச் சாலையில் எழவில்லை. வணிக வளாகத்தின் திரையரங்கும் கல்லூரிகளின் கலையரங்கும் அந்தக் குறையை ஈடு செய்யாது. முன்னது நுகர்வோருக்கு உரியது, பின்னது மாணவருக்கு உரியது.

இதே மண்ணின் உட்புறக் கிராமங்களில் அரங்கமே இல்லாத ஓர் அரங்கக் கலை பல தலைமுறைகளாக நிலைத்திருக்கிறது. திரௌபதி அம்மன் கோயில்களில் பங்குனி தொடங்கி ஆடி வரையிலான மாதங்களில் நடக்கும் பாரத விழாவில், பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்துமாக நாட்கள் செல்லும். அர்ச்சுனன் தபசு அன்று நடிகர் உயரமான தபசு மரத்தின் மீது பாடிக்கொண்டே ஏறுவதும், படுகளத்தன்று மண்ணால் செய்து கிடத்தப்பட்ட துரியோதனன் உருவத்தைச் சுற்றிப் போர் முடிவதும், நடிப்பையும் வழிபாட்டையும் பிரிக்க இயலாத நிகழ்வுகள். இதற்கான பணம் ‘தலைக்கட்டு வரி’யாகத் திரட்டப்படுகிறது. தலைக்கட்டு என்பது திருமணமாகித் தனிக் குடும்பமாக ஊர்க் கணக்கில் ஏறிய ஓர் அலகு. ஒவ்வொரு தலைக்கட்டும் தன் பங்கைக் கொடுத்துவிடுவதால், விடியும்வரை கூத்துப் பார்க்கும் ஒவ்வொருவருக்கும் அது தன் கூத்து. கூத்து சரியில்லை என்றால் கூத்தாசிரியரை நேரே கேட்கும் உரிமையும் அவருக்கு உண்டு.

1882இல் பச்சையப்பன் மண்டபத்தில் கூடியவர்கள் செய்ததும் ஒரு வகையில் இதே வசூல்தான். ஆனால் அவர்கள் கட்டடத்துக்காக ஒருமுறை கொடுத்தார்கள், கிராமத்தார் விழாவுக்காக ஆண்டுதோறும் கொடுக்கிறார்கள். ஒருமுறை கொடுத்த பணம் சுவராக நின்றது; தொடர்ந்து கொடுத்த பணம் கலைஞர்களை வாழவைத்தது. விக்டோரியா அரங்கத்தின் 34 ஆண்டுக் கால நல்வாழ்வும், உறுப்பினர்கள் தவறாது சந்தா கட்டிய சபையின் காலத்தோடு பொருந்துவது தற்செயல் ஆகாது.

கடற்கரையிலேயே இன்னொரு சான்றும் உண்டு. 1966இல் கே. சி. எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்களும் சிற்பிகளும் பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களை விற்றுச் சேர்த்த தொகையில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி, சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கினர். அங்கே திறந்தவெளி அரங்கம் ஒன்றையும் அமைத்துக்கொண்டனர். முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தக்ஷிணசித்ரா, இடிபடவிருந்த மரபு வீடுகளைப் பெயர்த்து வந்து மீண்டும் எழுப்பியதோடு, நாட்டார் கலைஞர்களுக்கு இடமும் கொடுத்துவருகிறது. ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை, தெருக்கூத்தின் உடல்மொழியை நவீன நாடகத்துக்குக் கொண்டுவந்தது. காஞ்சிபுரத்தில் 1990இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம், மரத்தாலான கிரீடமும் புஜக்கட்டையும் அணிந்து ஆடும் கலைஞர்களை ஓர் அமைப்பாகத் திரட்டி, ஆண்களுக்கே உரியதாக இருந்த அந்த ஆட்டத்தில் பெண் பிள்ளைகளையும் பயிற்றுவித்தது. மேடையேற ஆள் இல்லை என்ற வாதத்துக்கு இவற்றுக்குப் பின் இடமில்லை.

எனவே விக்டோரியா அரங்கத்தின் எதிர்காலம் அதன் வாடகைப் பட்டியலிலும் நாட்காட்டியிலும் தீர்மானிக்கப்படும். திருமண வரவேற்புக்கும் நிறுவன விழாவுக்கும் விதிக்கப்படும் கட்டணத்தையே பத்துப் பேர் கொண்ட நாடகக் குழுவிடமும் கேட்டால், சில ஆண்டுகளில் அது அழகிய வரவேற்புக் கூடமாக மட்டுமே எஞ்சும். அதைத் தடுக்க மாநகராட்சியால் முடியும்: நாடகத்துக்கும் கூத்துக்கும் இசைக்கும் வாரத்தில் குறிப்பிட்ட நாட்களைக் குறைந்த கட்டணத்தில் ஒதுக்கலாம், ஒத்திகைக்குப் பகல் நேரத்தைத் திறந்துவிடலாம், நாடகக் குழுக்களும் கூத்துக் கலைஞர்களும் நகர வரலாற்றாளர்களும் வாக்குரிமையோடு அமரும் நிர்வாகக் குழுவை அமைத்து, வரவு செலவை ஆண்டுதோறும் வெளியிடலாம். சபை காலத்தில் மேடைக்கு வெளியே நிறுத்தப்பட்ட பெண்களும் கிராமத்துக் கலைஞர்களும் இம்முறை முதல் வரிசையில் அழைக்கப்பட வேண்டும் என்பது வரலாறு வைத்திருக்கும் கடன்.

மற்றொரு பாதிப் பொறுப்பு பார்வையாளர்களுடையது. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை சுமார் 45 கிலோமீட்டருக்கு மெட்ரோ தடம் அமைக்கப்பட்டுவருகிறது. விக்டோரியா அரங்கத்தின் அருகிலேயே சென்ட்ரல் மெட்ரோ நிலையம் இருக்கிறது. பழைய மாமல்லபுரம் சாலையின் குடியிருப்போர் நலச் சங்கங்கள், ஆண்டுச் சந்தாவில் ஒரு சிறு பங்கை நாடகத்துக்கென ஒதுக்கி, மாதம் ஒருமுறை ஒரு குழுவை ஆதரிக்கத் தொடங்கினால், அந்தக் குழு விக்டோரியா மேடையிலும் ஆடும், சிறுசேரியின் திறந்தவெளியிலும் ஆடும். வாசகர்கள் தங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்திலேயே இதை முன்வைக்க வேண்டும்.